வீட்டு மராமத்து: நாமே செய்வதா, ஒப்பந்தம் விடுவதா?

பொங்கல் வியாபாரம் முடிந்து, கணக்கைக் கூட்டிப் பார்த்து, கையில் நாலு காசு மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்தவுடன் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வீடு. மழைக்கு ஒழுகிய ஓட்டை மாற்ற வேண்டும். மகன் கல்யாணத்துக்கு முன் மாடியில் ஓர் அறை எடுக்க வேண்டும். முன்சுவரை எடுத்துவிட்டு ஷட்டர் வைத்தால் கடையும் கொஞ்சம் அகலமாகும். பாலக்கோடு போன்ற ஊர்களின் கடைவீதிகளில் முன்புறம் கடையும், பின்புறமோ மாடியிலோ குடியிருப்புமாக உள்ள கட்டடங்கள் பல. ஆகவே நம்மைப் பொறுத்தவரை வீட்டு மராமத்து என்பது பாதி கடை மராமத்தும்தான்.

உடனே வீட்டில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "மேஸ்திரியைக் கூப்பிட்டு நாமே பார்த்துக்கொண்டால் காண்ட்ராக்டர் லாபம் மிச்சம்" என்பது ஒரு கட்சி. "அந்தத் தலைவலி நமக்கு வேண்டாம், மொத்தமாக விட்டுவிட்டு முடிந்தபின் சாவியை வாங்கிக்கொள்வோம்" என்பது மறு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொருள் வாங்குவதும் பணம் கொடுப்பதும் நம் கையில் இருக்கட்டும். ஆள் வைத்து வேலை வாங்குவது மேஸ்திரியின் பொறுப்பாகட்டும். தூண், சுவர், கூரை ஆகியவற்றைத் தொடும் எதையும் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையின் முதலில் கை வைக்காமல் வேலை நடக்கட்டும்.

மூன்று வழிகள்

கட்டட வேலை நம் பகுதியில் மூன்று விதமாக நடக்கிறது. முதலாவது, பொருளோடு சேர்த்து முழு ஒப்பந்தம். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது. இரண்டாவது, கூலி ஒப்பந்தம். பொருளை நாம் வாங்கிக் கொடுக்க, வேலைக் கூலியை மட்டும் மேஸ்திரியிடம் பேசி விடுவது. மூன்றாவது, தினக்கூலி, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாமே அன்றாடம் சம்பளம் கொடுத்து வேலை வாங்குவது.

வெற்று மனையில் புது வீடு கட்டுகிறவருக்குச் சதுர அடிக் கணக்கு ஓரளவு பொருந்தும். பழைய கட்டடத்தைத் திருத்துகிறவருக்கு அது பொருந்துவதில்லை. பூச்சை உடைத்த பிறகுதான் உள்ளே இருப்பது சிமெண்டுக் கட்டா, சுண்ணாம்புக் கட்டா, மண் கட்டா என்று தெரியும். ஓட்டைப் பிரித்த பிறகுதான் எத்தனை மரச்சட்டம் செல்லரித்துப் போயிருக்கிறது என்று தெரியும். தெரியாத சரக்குக்கு விலை பேசும் ஒப்பந்தக்காரர் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். நஷ்டம் வரக்கூடாது என்று விலையைக் கூட்டிப் பேசுவார். அல்லது குறைத்துப் பேசி வேலையைப் பிடித்துவிட்டுப் பிறகு "இது எக்ஸ்ட்ரா, அது எக்ஸ்ட்ரா" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நாம் சரக்குக்கு விலை வைப்போமா?

கடையை விட்டு நிற்கும் கூலி

தினக்கூலிக்கு ஆள் வைத்து நாமே நிற்பதில் மிச்சம் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காகப் போட்டவை. அவரவர் தம் எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

ஐந்து லட்ச ரூபாய் வேலை என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் லாபம் நூற்றுக்குப் பத்து என்றால் 50,000 ரூபாய். இதைத்தான் மிச்சம் பிடிக்க நினைக்கிறோம். கடையில் நாள் விற்பனை 20,000. அதில் நூற்றுக்குப் பத்து நின்றால் நாளுக்கு 2,000 ரூபாய். முதலாளி கல்லாவில் இல்லாததால் விற்பனை கால் பங்கு குறைந்தால் நாளுக்கு 500 ரூபாய் போயிற்று. வேலை 90 நாள் இழுத்தால் 45,000 ரூபாய். மிச்சம் பிடித்ததில் கையில் நிற்பது 5,000. வசூலாகாமல் நின்ற கடன் பாக்கியும், எதிர்க்கடைக்குப் பழகிப்போன வாடிக்கையாளரும் இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தருமபுரி மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறவர்கள் ஏராளம். அங்கே கூலி அதிகம், வேலையும் தொடர்ந்து கிடைக்கும். நம் வீட்டில் பத்து நாள் வேலை செய்த கொத்தனார் பதினோராவது நாள் ஓசூர் பஸ் ஏறிவிட்டால், மாற்று ஆள் தேடத் தொழில் பழக்கமுள்ள மேஸ்திரியால் முடியும், மளிகைக்கடைக்காரரால் முடியாது. ஆள் திரட்டுவதும் ஒரு வியாபாரம். அதில் நமக்குக் கடை இல்லை.

ஆனால் ஒரு வாரம் பத்து நாளில் முடியும் வேலைக்கு இந்தப் பயம் தேவையில்லை. வெள்ளையடிப்பது, தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, உதிர்ந்த பூச்சைத் திருத்துவது, உடைந்த ஓட்டை மாற்றுவது, அலமாரி அடிப்பது முதலியவற்றுக்கு ஒப்பந்தம் தேவையில்லை. நாமே ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம்.

நிறுக்கத் தெரிந்தவர்கள் நாம்

கட்டட வேலையில் நமக்குத் தெரியாதது நிறைய உண்டு. ஆனால் பொருள் வாங்கத் தெரியும், நிறுக்கத் தெரியும், பில் பார்க்கத் தெரியும். மராமத்துச் செலவில் பெரும் பங்கு பொருளுக்குத்தான் போகிறது. அதையும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு, நமக்குக் கைவந்த தொழிலை நாமே ஏன் கைவிட வேண்டும்?

கம்பியை எடுத்துக்கொள்வோம். டிஎம்டி கம்பிக்கு எடைக் கணக்கு உண்டு. விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி 8 மி.மீ. என்றால் சுமார் 4.7 கிலோ, 10 மி.மீ. என்றால் 7.4 கிலோ, 12 மி.மீ. என்றால் 10.7 கிலோ, 16 மி.மீ. என்றால் 19 கிலோ இருக்க வேண்டும். சிறு விலக்குக்குத் தர விதியிலேயே இடம் உண்டு. அதற்கும் கீழே போனால் கம்பி மெலிந்தது என்று பொருள். எடைக்கு விலை கொடுத்து வாங்குகிறவருக்கு இதில் பண நஷ்டம் இல்லாமல் போகலாம். எண்ணிக்கை பார்த்துக் கட்டிய தளத்துக்கு வலு நஷ்டம்.

எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வருகின்றன. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரித் தொட்டியின் நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் தெரிந்துவிடும். எம்-சாண்டு வாங்கும்போது பொதுப்பணித்துறையின் மதிப்பீட்டுச் சான்று பெற்ற ஆலையின் சரக்கா என்று கேட்பது நல்லது. கல்தூளையே எம்-சாண்டு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

சிமெண்டு 50 கிலோ மூட்டை. மூட்டையின் மேல் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சிமெண்டைச் சோதிக்காமல் தளத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சர்க்கரை மூட்டையை எப்படித் தரையில் படாமல், சுவரில் சாயாமல் அடுக்குகிறோமோ அப்படியே சிமெண்டையும் அடுக்க வேண்டும். ஈரம் இரண்டுக்கும் பகை.

தண்ணீருக்கும் கணக்கு உண்டு. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன்படி, சாதாரண வீட்டுத் தளத்துக்குப் போடும் 1 : 1½ : 3 கலவையில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கலவை இளகியிருந்தால் கொட்டுகிறவருக்குச் சுலபம், தளத்துக்குத்தான் கேடு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் சோதித்துப் பார்த்துவிட்டே கான்கிரீட்டில் சேர்க்க வேண்டும். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும்.

தளம் போட்டபின் தண்ணீர் காட்டுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வழக்கமாக இப்போது கிடைக்கும் கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். முட்டைப் பிரிக்கவும் காலம் உண்டு. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டால் 14 நாள் என்பது அதே விதி. அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் அவசரப்பட்டால் "நாள் ஆகட்டும்" என்று சொல்லும் உறுதி நமக்கு வேண்டும். காலையில் கடை திறக்குமுன் அரைமணி, இரவு அடைத்தபின் அரைமணி போய்ப் பார்த்தாலே இவ்வளவையும் கவனித்துவிடலாம். நாளெல்லாம் நிற்க வேண்டியதில்லை.

பொறியாளர் இல்லாமல் தொடக்கூடாதவை

எல்லாவற்றையும் நாமும் மேஸ்திரியுமே முடிவு செய்துவிடலாம் என்று இதற்குப் பொருள் அல்ல. மூன்று வேலைகளைப் பொறியாளர் வந்து பார்க்காமல் தொடக்கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருக்கிறோம்.

ஒன்று, ஷட்டர் வைக்க முன்சுவரை எடுப்பது. பழைய கட்டடங்களில் தூணோ பீமோ கிடையாது. சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. பத்தடிச் சுவரை எடுத்தால் அது தாங்கிய பாரம் எங்கே போவது என்று கணக்குப் போட்டு, முதலில் முட்டுக் கொடுத்து, பீம் போட்டு, பிறகுதான் சுவரைத் தொட வேண்டும். பக்கத்துக் கடைக்கும் நமக்கும் பொதுச் சுவர் இருந்தால் அண்டை வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட வேண்டும். பின்னால் வரும் வழக்கின் செலவு கட்டடச் செலவைத் தாண்டிவிடும்.

இரண்டு, பழைய சுவரின் மேல் மாடி எடுப்பது. அடித்தளம் எவ்வளவு ஆழம், எந்த மண்ணில் நிற்கிறது என்று தோண்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். "எதிர்வீட்டுக்காரர் எடுத்தாரே" என்பது சான்று ஆகாது.

மூன்று, நம்மவர்கள் யோசிக்காமலே செய்வது: குடியிருந்த மாடி அறையைக் கிடங்காக மாற்றுவது. வீட்டுத் தளத்துக்கு ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 19 கிலோ ஆள், சாமான் பாரம் வரும் என்று கணக்கிட்டுத்தான் வடிவமைக்கிறார்கள். சில்லறைக் கடைத் தளத்துக்கு அதைப்போல் இரு மடங்கு, 38 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்று தரையில் மூன்றடிக்கு இரண்டடி இடம் பிடிக்கிறது என்று வைத்தால், ஐந்து மூட்டை உயரம் அடுக்கும்போது ஆறு சதுர அடியில் 250 கிலோ. சதுர அடிக்கு 41 கிலோவுக்கு மேல். படுக்கையறைக்குப் போட்ட தளத்தில் இரண்டு மடங்குக்கும் அதிகமான பாரத்தை ஏற்றுகிறோம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் வாரத்தில் இதை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும். கீழே கடையில் நிற்பது நம் பிள்ளைகளும் வாடிக்கையாளரும்தான்.

பெரிய ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது என்றும் எண்ணக் கூடாது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அது பெரிய அளவில் நடந்த வேலைதான். நாம் கற்க வேண்டிய பாடம், கட்டுகிறவர் வேறு, சரிபார்க்கிறவர் வேறாக இருக்க வேண்டும் என்பது. கொள்முதல் செய்தவரே இருப்புக் கணக்கையும் சரிபார்த்தால் என்ன நடக்கும் என்பது வியாபாரிக்குத் தெரியாததா?

அரசாங்கமே கண்ட வழி

வீட்டுக்காரரே பொறுப்பேற்று, பொறியாளர் சரிபார்க்கும் இந்த முறை புதிதல்ல. 1985இல் தொடங்கிய இந்திரா வீட்டு வசதித் திட்டத்திலும், அதன் தொடர்ச்சியாக 2016இல் வந்த பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்திலும் பயனாளியே வீட்டைக் கட்ட வேண்டும், ஒப்பந்தக்காரரை நுழைக்கக் கூடாது என்பது விதி. பணமும் மொத்தமாக வராது. வேலை இன்ன கட்டம் வந்தது என்று பார்த்தபின் தவணையாகத்தான் வரும்.

2001 ஜனவரி 26 பூகம்பத்தில் குஜராத்தின் கட்ச் பகுதி தரைமட்டமானபோது, அங்கேயும் பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே எழுப்பிக்கொண்டன. அரசு உதவித் தொகையைத் தவணையாகக் கொடுத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த தவணை. வீட்டுக்காரரின் அக்கறை, கொத்தனாரின் கை, பொறியாளரின் கண் மூன்றும் சேர்ந்தால் வேலை நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சிக்கனத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், தாமே வேலை நடக்கும் இடத்தில் நின்று கொத்தனார்களோடு சேர்ந்து கட்டியவர். இடித்த வீட்டின் கதவு, ஜன்னல், செங்கல், ஓடு எதையும் வீணாக்காதவர். நம் பழைய வீடுகளின் தேக்குக் கதவையும் கல்தூணையும் "இடிபாடு" என்ற பெயரில் வண்டியேற்றி விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

கூலி ஒப்பந்தமானாலும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். என்னென்ன வேலை, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை, உடைத்த பிறகு கூடுதல் வேலை வந்தால் என்ன கணக்கு, குப்பை அள்ளுவது யார், எத்தனை நாளில் முடிவது, இவை கட்டாயம். முன்பணம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். மீதியைக் கட்டம் கட்டமாகக் கொடுத்து, கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு மழை பெய்து ஒழுகலில்லை என்று தெரிந்தபின் கொடுப்பதாகப் பேசிக்கொள்ளலாம். மேஸ்திரிக்குச் சேர வேண்டியதைச் சனிக்கிழமை தவறாமல் கொடுத்துவிட வேண்டும். கூலி பாக்கி வைத்துவிட்டு நல்ல வேலையை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் பேச வேண்டும். 1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கு விபத்து உதவி உண்டு. வேலைக்கு வருகிறவர்களிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவர்களைப் பதியச் சொல்வது நம் கடமை.

அனுமதியை மறக்கக் கூடாது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழி உடனடி அனுமதி என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. அது வீட்டுக்கு. கடை, கிடங்கு என்று வரும்போது என்ன விதி என்பதை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

வரி பற்றியும் ஒரு வார்த்தை. 28 விழுக்காடாக இருந்த சிமெண்டு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் கட்டடத்துக்குக் கட்டிய வரியைக் கடையின் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டுச் செலவுக்கு அந்தப் பேச்சே இல்லை. கடைக் கட்டடத்திலும், சொத்து மதிப்பில் சேர்த்துக் காட்டும் கட்டுமானம், மாற்றம், பழுதுபார்ப்புக்கு உள்ளீட்டு வரிச் சலுகையைச் சட்டத்தின் 17(5)ஆம் பிரிவு தடுக்கிறது. கணக்கரைக் கேட்காமல் கழித்துவிட்டுப் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டாம்.

கடை முதல் கடைக்கே

நம் ஊர் வியாபாரம் தக்காளியோடு ஏறி இறங்குவது. 2023 ஜூலையில் நாடெங்கும் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தோம். பறிகூலிக்கும் கட்டாமல் விவசாயிகள் கொட்டிவிட்டுப் போன பருவங்களையும் பார்த்திருக்கிறோம். மண்டியில் விலை இருந்தால் மளிகைக் கடன் வசூலாகும்; இல்லையென்றால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், நல்ல பருவத்தில் வந்த பணமெல்லாம் லாபம் என்று நினைத்துச் சுவரில் பூசிவிட்டால், மோசமான பருவத்தில் மொத்த வியாபாரிக்கு என்ன பதில் சொல்வது?

கட்டட வேலை நாம் நினைத்த தொகையில் நிற்பது அரிது. ஆகவே மதிப்பீட்டுக்கு மேல் நூற்றுக்கு இருபதாவது தனியே ஒதுக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பணம் போதாதென்றால் வேலையை இரண்டாகப் பிரித்து இந்த ஆண்டு கூரை, அடுத்த ஆண்டு மாடி என்று செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால் வீட்டு மராமத்துக்கென்றே வங்கியில் கடன் கேட்க வேண்டும். கடைக்காக வைத்திருக்கும் ரொக்கக் கடன் கணக்கிலிருந்து எடுத்துச் செங்கல் வாங்குவதும், சரக்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கம்பிக்குக் கொடுப்பதும் கூடவே கூடாது. காசோலை ஒருமுறை திரும்பினால், பல ஆண்டு சேர்த்த நாணயம் ஒரே நாளில் போய்விடும்.

வீட்டு வேலைக்கென்று தனி நோட்டு, தனிப் பை, முடிந்தால் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி, பொங்கல் சரக்குக் காலத்தை விட்டு வேலையைத் தொடங்குங்கள். பொருளை நிறுத்து வாங்குங்கள், மேஸ்திரியிடம் எழுதி வாங்குங்கள், பொறியாளரைக் கேட்டு இடியுங்கள். கடை நன்றாக இருந்தால் வீட்டை இன்னொரு முறையும் திருத்திக்கொள்ளலாம். கடை படுத்துவிட்டால், எழுப்பிய மாடியையும் சேர்த்து விற்க வேண்டிவரும் என்பதை வணிகப் பெருமக்கள் ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும்.